நான்கு சிவப்பு மைப் பதிவுகள்: கோபிச்செட்டிபாளையத்துச் சிப்பாய் ஒருவரின் வழக்கு

கோபிச்செட்டிபாளையத்தை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து 2004 செப்டம்பரில் தரைப்படையில் சேர்ந்தவர் அவர். கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகம் நடத்திய முகாமில் ஓடித் தேறி, காலாட்படையில் சிப்பாய் ஆனார். 2018 பிப்ரவரியில் படை அவரை டிஸ்சார்ஜ் செய்து வீட்டுக்கு அனுப்பியது. அன்றைக்கு அவருடைய பணிக்காலம் 13 ஆண்டு 5 மாதம். சிப்பாய்க்கு ஓய்வூதியம் வருவதற்கு 15 ஆண்டு வேண்டும்.

திருடினார், ஆயுதத்தைத் தொலைத்தார், யாரையோ அடித்தார் என்று அவர்மீது எவரும் சொல்லவில்லை. நடத்தைத் தாளில் நான்கு சிவப்பு மைப் பதிவுகள் இருந்தன, அதுதான் காரணம். அவரவர் காலத்தில் அந்தப் பட்டாலியனின் கமாண்டிங் ஆபீசராக இருந்தவர்கள் விதித்த தண்டனைகள் அவை. அந்த நான்கில் ஒன்றைக்கூடப் படைக்கு வெளியே உள்ள ஒருவர் பார்த்ததில்லை. பார்த்தே ஆகவேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை.

அவர் பெயரும் படைப்பிரிவின் பெயரும் இங்கே தேவையில்லை. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். நான் படையில் எழுத்தர் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்ட தாள்களை டைப் செய்து கோப்பில் கட்டுவதே என் வேலையாக இருந்ததால், அவர் கொண்டுவந்த காகிதக் கட்டைப் பிரித்ததும் அதில் எந்தெந்தத் தாள் இல்லை என்றுதான் தேடினேன்.

பதிவுகள்

முதல் பதிவு 2007-இல். அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை, லீவு முடிந்து 11 நாள் தாமதம். ஏழு நாள் சிறை.

இரண்டாவது பதிவுக்குக் கொஞ்சம் ஊர்க்கதை வேண்டும். 2010-இல் ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் விலை அதுவரை பார்க்காத உயரத்துக்குப் போனது. அந்த விலையைப் பார்த்து, இருந்த நிலம் முழுவதிலும் மஞ்சள் நட்டவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். இவருடைய அப்பாவும் நட்டார். விளைந்து வெட்டுவதற்குள் விலை சரிந்துவிட்டது. 2012 தையில் மஞ்சள் வெட்ட ஆள் கிடைக்கவில்லை. கிடைத்த ஆளுக்குக் கூலி கொடுத்தால் விலை கட்டாது. லீவில் வந்திருந்த மகன் வெட்டி, வேகவைத்து, காயவைத்துவிட்டுப் போனார். 19 நாள் தாமதம், 28 நாள் சிறை.

மூன்றாவது 2014-இல். ஒதுக்கியிருந்த லீவைத் தள்ளிப்போட்டதற்காக ஒரு சுபேதாரிடம் குரலை உயர்த்திப் பேசியதாகக் குற்றச்சாட்டு. 14 நாள். இதற்குச் சாட்சி அந்தச் சுபேதார் ஒருவர் மட்டும்.

நான்காவது 2017-இல். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. கீழ்பவானி வாய்க்காலை நம்பிய தோட்டம் காய்ந்து கிடந்தது. கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போட்டார்கள், தண்ணீர் வரவில்லை. 23 நாள் தாமதம், மறுபடியும் 28 நாள்.

"மூன்று லீவு, ஒரு வாய்ச்சண்டை. இதற்கு ஓய்வூதியமே போய்விடுமுங்களா அண்ணா?" என்று கேட்டார். போய்விடும் என்றுதான் படையில் எல்லோரும் நம்புகிறார்கள். நான்கு சிவப்பு என்றால் வீட்டுக்கு என்பது லைனில், அதாவது படைக் குடியிருப்பில், எழுதாத சட்டம்.

பெஷி

1950-ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம், பிரிவு 80. சிப்பாய் நிலையில் உள்ள எந்தப் படைவீரரையும் கமாண்டிங் ஆபீசர் தானே விசாரித்து, 28 நாள் வரை இராணுவக் காவலில் சிறை வைக்கலாம். லைனுக்குள் அடைத்து வைக்கலாம், கூடுதல் காவல் பணி கொடுக்கலாம், ஒரு மாதத்தில் 14 நாள் சம்பளம் வரை அபராதம் போடலாம். இதற்கு நீதிமன்றம் தேவையில்லை, வழக்கறிஞருக்கு இடமில்லை.

பெஷி என்று படையில் சொல்லும் இந்த விசாரணை நடக்கும் விதம் அங்கே இருந்த எவருக்கும் தெரியும். தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றச் சொல்வார்கள். இடம் வலம் என்று நடத்தி உள்ளே கொண்டுபோய் மேசைக்கு முன்னால் நிறுத்துவார்கள். குற்றச்சாட்டு இந்தியில் வாசிக்கப்படும். ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். 'ஜி சாப்' என்றதும் தண்டனை. வெளியே வந்து பெல்ட்டை மாட்டுவதற்குள், அடைத்து வைக்கும் இடமான குவார்ட்டர் கார்டுக்குத் தகவல் போயிருக்கும். இராணுவ விதி 22-இன்படி குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், தன் தரப்புச் சாட்சிகளை அழைக்கலாம். நான் பணியிலிருந்த காலத்தில் பெஷியில் நின்று சுபேதாரைக் குறுக்கு விசாரணை செய்த சிப்பாயைப் பார்த்ததில்லை.

இவருடைய நான்கு பதிவுகளிலும் 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்றே இருக்கிறது. 2014 பதிவில்கூட. அதில் அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்று இன்றும் சொல்கிறார். முந்தின நாள் இரவு பிளட்டூன் ஹவல்தார் வந்து, ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடியும், மறுத்தால் கோர்ட் மார்ஷலுக்குப் போகும் என்று சொன்னாராம். நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். பிரிவு 116-இன் கீழ் நடக்கும் சுருக்க இராணுவ நீதிமன்றம் அப்படி அஞ்சத்தக்கதுதான். அங்கேயும் நீதிபதி அதே கமாண்டிங் ஆபீசர் ஒருவரே. இன்னும் இருவர் உடன் உட்காருவார்கள், ஆனால் அவர்களுக்கு உறுதிமொழியும் இல்லை, வாக்கும் இல்லை. லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேற்பட்டவர் நடத்தினால் ஓராண்டு வரை சிறையும் பணிநீக்கமும் விதிக்கலாம். உறுதிப்படுத்தும் மேலதிகாரி தேவையில்லை, உடனே நிறைவேற்றலாம். குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு வழக்கறிஞரை நண்பர் என்ற பெயரில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த நண்பர் நீதிமன்றத்தை நோக்கி வாய் திறக்கக் கூடாது.

இந்த நீதிமன்றத்தை எடுத்ததற்கெல்லாம் கூட்டக் கூடாது, உடனடி நடவடிக்கைக்கு அவசியம் இருந்தால் மட்டுமே கூட்டலாம், அந்த அவசியம் பதிவில் தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விஷவ் பிரியா சிங் வழக்கில் 2016-இல் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் பெரிய தண்டனைக்குத்தான் அது கடிவாளம். பிரிவு 80-க்கு அப்படி எதுவும் இல்லை.

ஒரு வேற்றுமையைச் சொல்லாமல் போக முடியாது. அதே சட்டத்தில், அதிகாரிகளுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகள்), இராணுவ நீதிமன்றம் கூட்டாமல் எடுக்கும் சுருக்க நடவடிக்கையில் பணிமூப்பைப் பறிக்க நினைத்தால், தண்டனைக்கு முன்பே 'எனக்கு இராணுவ நீதிமன்ற விசாரணை வேண்டும்' என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. சிப்பாயைச் சிறையில் போடும் பிரிவில் அந்த வரி இல்லை. மூப்பு போவதற்கு இருக்கும் பாதுகாப்பு, உடல் சிறைப்படுவதற்கு இல்லை.

யாரிடம் புகார் சொல்வது

மூன்றாவது தண்டனைக்குப் பிறகு அவர் புகார் எழுத நினைத்திருக்கிறார். பிரிவு 26 அதற்கு வழி தருகிறது. முதலில் கம்பெனி கமாண்டர், பிறகு கமாண்டிங் ஆபீசர், அவர்மீதே குறை என்றால் அவருக்கு அடுத்த மேலதிகாரி. படிப்படியாகத்தான் ஏற வேண்டும். தாண்டிப் போனால் அதுவே குற்றம்.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ரஞ்சித் தாக்கூர் வழக்கைப் பார்க்க வேண்டும். சிக்னல் படைவீரர் அவர். தன் கமாண்டிங் ஆபீசரின் கையால் கொடுமைக்கு ஆளாவதாக 1985-இல் நேராக மேலதிகாரிகளுக்கு எழுதினார். முறைப்படி அனுப்பவில்லை என்பதற்காக 28 நாள் கடுங்காவல் கிடைத்தது. அந்தச் சிறையிலிருந்தபோது உணவு உண்ணும்படி ஒரு ஜே.சி.ஓ. இட்ட கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை என்று இன்னொரு குற்றச்சாட்டு. அடுத்த நாளே சுருக்க இராணுவ நீதிமன்றம் கூடி, ஓராண்டு கடுங்காவலும் பணிநீக்கமும் விதித்தது. அவர் யார்மீது புகார் எழுதினாரோ அந்த அதிகாரியும் அந்த நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தார்.

1987 அக்டோபர் 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதி எம்.என். வெங்கடாசலையா எழுதிய தீர்ப்பு, இரண்டு விஷயங்களை நிலைநாட்டியது. ஒருதலைப்பட்சம் உண்டா என்று பார்க்கும்போது நீதிபதி தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது பொருட்டல்ல, எதிரில் நிற்பவருக்கு நியாயமான அச்சம் உண்டா என்பதே கேள்வி. தண்டனை குற்றத்தின் அளவை மிஞ்சி மனச்சாட்சியை உலுக்கினால் நீதிமன்றம் தலையிடும். தாக்கூர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார், சம்பளப் பயன்களோடு.

அந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். ஆனால் முதலில் விழுந்த அந்த 28 நாள், புகார் எழுதியதற்கான தண்டனை, யார் கண்ணிலும் பெரிதாகப் படுவதில்லை. எனக்கு வழக்கின் வேர் அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. பணிநீக்கம் வரை போனதால் தாக்கூருக்கு உச்ச நீதிமன்றம் கிடைத்தது. 28 நாளோடு நின்றிருந்தால் அந்தப் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.

கோபிச் சிப்பாய் புகாரை எழுதவே இல்லை. எழுதியிருந்தால் அந்தக் காகிதம் கடந்துபோக வேண்டிய மேசைகளில், தண்டனை கொடுத்த அதே மேசையும் ஒன்று.

டிஸ்சார்ஜ்

2017 இறுதியில் விளக்கம் கேட்கும் நோட்டீஸ் வந்தது. இராணுவ விதிகள் 1954, விதி 13-இன் கீழ், 'இனிப் பணி தேவையில்லை' என்ற வகையில் உங்களை ஏன் அனுப்பக் கூடாது? பதிலாக அவர் கொடுத்தது, எழுத்தர் ஒருவர் எழுதிக்கொடுத்த அரைப்பக்க இந்தி மன்னிப்புக் கடிதம். அடுத்த மாதமே உத்தரவு.

அந்தக் காகிதக் கட்டில் நான் தேடிய தாள் இங்கேதான் இல்லாமல் இருந்தது. நான்கு சிவப்புப் பதிவு உள்ளவர்களை அனுப்புவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று தரைப்படைத் தலைமையகம் 1988 டிசம்பர் 28 அன்று ஒரு கடிதம் வெளியிட்டிருக்கிறது. முதலில் பாரபட்சமற்ற ஒரு பூர்வாங்க விசாரணை வேண்டும். நான்கு பதிவு இருப்பதாலேயே அனுப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் எத்தனை காலம் பணியாற்றினார், எப்படிப்பட்ட கடினமான இடங்களில் இருந்தார், ஓய்வூதியத்துக்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறார் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். வீரேந்திர குமார் துபே வழக்கில் 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்தக் கடிதத்தைத்தான் கையில் எடுத்தது. பூர்வாங்க விசாரணை இல்லாத டிஸ்சார்ஜ் செல்லாது என்றது.

தீர்ப்பு வந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு நடந்தது நம் சிப்பாயின் டிஸ்சார்ஜ். பூர்வாங்க விசாரணைத் தாள் அவருடைய காகிதக் கட்டில் இல்லை. தகவல் கேட்டுப் பெற்ற கோப்பு நகலிலும் இல்லை. நடத்தியிருந்தால்தானே இருக்கும்.

சென்னைக்கு

டிஸ்சார்ஜை எதிர்த்து அவர் வழக்குப் போட்டது, படைவீரர்களின் பணி வழக்குகளைக் கேட்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில். அது எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இராணுவ நீதிமன்றத் தீர்ப்பை ஆதாரங்களோடு மறுபரிசீலனை செய்ய ஒரு மேல்முறையீடுகூட இல்லை, இது வெளிப்படையான ஓட்டை என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் பிரிதி பால் சிங் பேடி வழக்கில் சொன்னது. சட்ட ஆணையத்தின் 169-ஆவது அறிக்கை 1999-இல் வந்தது. சட்டம் 2007-இல், தீர்ப்பாயம் 2009 ஆகஸ்டில். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரும் ஓய்வுபெற்ற மூத்த படை அதிகாரி ஒருவரும் சேர்ந்த அமர்வு. தமிழ்நாட்டுக்கு அமர்வு சென்னையில். நிர்வாகம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. வழக்கின் எதிர்த்தரப்பும் அந்த அமைச்சகம்தான்.

ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலையில் சென்னை. அதை ஒரு சுமையாகவே பலர் நினைப்பதில்லை, ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலியையும் விட்டுவிட்டுப் போகிறவருக்குச் சுமைதான். அவர் அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் வாசலில் காவலாளி.

மூன்று ஆண்டுக்கு மேல் இழுத்த பிறகு உத்தரவு வந்தது. பூர்வாங்க விசாரணை இல்லை, துபே தீர்ப்பு பொருந்தும், டிஸ்சார்ஜ் ரத்து. ஓய்வூதியத்துக்குத் தேவையான 15 ஆண்டு முடியும் வரை பணியில் இருந்ததாகக் கருத வேண்டும். இடைக்காலச் சம்பளம் கிடையாது. துபேவுக்கு உச்ச நீதிமன்றம் கொடுத்த அதே நிவாரணம்.

நான்கு பதிவுகளையும் தீர்ப்பாயம் தொடவில்லை. தொட முடியாது. 2007 சட்டத்தின் பிரிவு 3, பணி விவகாரம் என்றால் என்ன என்று வரையறுக்கும் இடத்தில், சிலவற்றை வெளியே தள்ளுகிறது. எந்த வகை லீவும் வெளியே. பணிநீக்கமோ மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சிறையோ விதிக்காத சுருக்க இராணுவ நீதிமன்றமும் வெளியே. சுருக்க நடவடிக்கையில் பணிநீக்கம் விதிக்கப்பட்டால் மட்டுமே உள்ளே. ஆக, லீவு மறுக்கப்பட்டது சரியா என்று கேட்க முடியாது. லீவு தாண்டியதற்கு விழுந்த 28 நாள் சரியா என்றும் கேட்க முடியாது. இப்படிக் கேட்க முடியாதவை நான்கு சேர்ந்து ஒருவருடைய வேலையைப் பறித்த பிறகு, பறித்த முறை சரியா என்று மட்டும் கேட்கலாம்.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடலாமே என்பார்கள். போடலாம். அரசியல் சட்டப் பிரிவு 226 திறந்துதான் இருக்கிறது. தீர்ப்பாயத்தின் உத்தரவுக்கு எதிராகவும் உயர் நீதிமன்றம் போகலாம் என்று 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் ஏழு நாள் சிறைக்காக, பணியில் இருந்துகொண்டே, தன் கமாண்டிங் ஆபீசரை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போடும் இருபத்து மூன்று வயதுச் சிப்பாயை எனக்குக் காட்டுங்கள்.

இந்த அதிகாரத்தை என்ன செய்வது

கமாண்டிங் ஆபீசரிடமிருந்து இதைப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எல்லையில் எண்ணூறு பேரை வைத்துக்கொண்டு இருக்கிறவர், காவல் பணிக்கு வராதவனைத் தண்டிக்க டெல்லிக்கு எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஒருவர் 19 நாள் தாமதமாக வந்தால், அந்த 19 நாளும் அவருடைய காவலை இன்னொருவர் நின்றிருக்கிறார். அந்த இன்னொருவரின் வீட்டிலும் மஞ்சள் இருந்திருக்கும். இதை நம் சிப்பாயிடமே சொன்னேன், அவரும் மறுக்கவில்லை. அந்த மூன்று தாமதங்களுக்கும் தந்தி மாதிரி ஒரு தகவலாவது அனுப்பியிருக்கலாமே என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் எனக்கும் திருப்தியாக இல்லை.

பிரிட்டனைப் பார்த்தால், அங்கேயும் கமாண்டிங் ஆபீசர் 28 நாள் காவல் விதிக்கலாம், மேலிட அனுமதியோடு 90 நாள் வரை போகலாம். அதிகாரம் குறையவில்லை. ஆனால் விசாரணைக்கு முன்பே இராணுவ நீதிமன்றம் வேண்டும் என்று வீரர் கேட்கலாம். தண்டனை விழுந்த பிறகு, நீதித்துறையைச் சேர்ந்த ஒருவர் தலைமையில் உட்காரும் சுருக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த நீதிமன்றம் தண்டனையைக் கூட்டக் கூடாது. 'மறுத்தால் மோசமாகும்' என்ற பிளட்டூன் ஹவல்தாரின் அறிவுரைக்கு அங்கே மேல்முறையீட்டில் வேலை இல்லை. இந்த ஏற்பாடு தானாக வரவில்லை. ஃபாக்லாந்துப் போரில் இருந்த ஃபிண்ட்லே என்ற வீரரின் வழக்கில், இராணுவ நீதிமன்றத்தைக் கூட்டுகிற அதிகாரியின் கையிலேயே எல்லாம் இருந்தால் அது சுதந்திரமான நீதிமன்றம் ஆகாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1997-இல் சொன்னதைத் தொடர்ந்துதான் வழி திறந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது.

ஜெர்மனியில் வேறு வழி. நாடாளுமன்றம் ஒரு படை ஆணையரைத் தேர்ந்தெடுக்கிறது. 1956 முதல் அவர்களுடைய அரசியல் சட்டத்திலேயே அந்தப் பதவி இருக்கிறது. எந்த வீரரும் மேலதிகாரி வழியாகப் போகாமல் அவருக்கு நேராக எழுதலாம். ரஞ்சித் தாக்கூரைச் சிறையில் தள்ளிய அதே செயல் அங்கே உரிமை. அமெரிக்காவில் சிறு தண்டனையை மறுத்து இராணுவ நீதிமன்றம் கேட்கலாம், கப்பலில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. பாலியல் வன்முறை, கொலை போன்ற குற்றங்களில் வழக்குத் தொடுக்கும் முடிவையே 2023 டிசம்பரிலிருந்து கமாண்டர்களிடமிருந்து எடுத்துத் தனி வழக்குரைஞர்களிடம் கொடுத்துவிட்டார்கள்.

நம் நாட்டில் தேசிய மனித உரிமை ஆணையம்கூட ஆயுதப்படை விஷயத்தில் மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுப் பரிந்துரை செய்வதோடு நிற்க வேண்டும், 1993 சட்டத்தின் பிரிவு 19 அப்படி. ஜெர்மனி மாதிரி ஆணையர் வந்தால் நல்லது, ஆனால் அதற்கு நான் காத்திருக்க மாட்டேன். முதலில் செய்யக்கூடியது 2007 சட்டத்தின் பிரிவு 3-இல் அந்த விலக்குகளைத் திருத்துவது. எல்லா 28 நாளையும் தீர்ப்பாயம் கேட்க வேண்டாம். மூன்றாவது சிவப்புப் பதிவு விழும்போது, அந்தப் பிரிகேடின் கட்டளை வரிசைக்கு வெளியே இருக்கும் ஒரு சட்ட அதிகாரி மூன்றையும் எடுத்துப் பார்க்கட்டும். வேண்டுமானால் வீரர் தீர்ப்பாயம் போகட்டும். நம் சிப்பாய்க்கு 2014-இல் இது நடந்திருந்தால், ஒற்றைச் சாட்சியோடு நின்ற அந்தப் பதிவு தாங்கியிருக்காது. பிறகு நான்கு என்ற எண்ணிக்கையே வந்திருக்காது.

இதைத் தள்ளிப்போட முடியாததற்கு இன்னொரு காரணம் அக்னிவீரர்கள். 2022 முதல் கொங்குப் பகுதியிலிருந்து போகிற பையன்கள் நான்கு ஆண்டுக்குத்தான் போகிறார்கள். நிரந்தரப் பணிக்கு 25 சதவீதம் வரைதான் எடுப்பார்கள். அந்தப் போட்டியில் 28 நாள் தண்டனை ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கப் பெரிய அனுபவம் வேண்டாம். நான்கு சிவப்பு வரை காத்திருக்க அவர்களுக்குக் காலமும் இல்லை.

சிப்பாய்க்கு ஓய்வூதிய ஆணை வந்துவிட்டது. ஆனால் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நடத்தை என்ற இடத்தில் எழுதியிருந்த மதிப்பீடு அப்படியே இருக்கிறது, பதிவுகள் நிற்பதால் மதிப்பீடும் நிற்கிறது. ஈரோட்டில் ஒரு வங்கியின் ஆயுதக் காவலர் வேலைக்கு விண்ணப்பித்தபோது அதைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். 2014 பதிவை மட்டும் எதிர்த்து ரிட் போடலாமா, இத்தனை ஆண்டுத் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்குமா என்று வழக்கறிஞரோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.